தட்டைச் சுற்றிப் பத்து ரேகை

மே 4, திங்கள்

காலை ஏழு மணிக்கே வேகிறது. காற்று பேருக்குக்கூட இல்லை. ராயபுரம் ஸ்டேஷனில் ரயில் இருபது நிமிஷம் தாமதம். திருவொற்றியூர் போய்ச் சேர்வதற்குள் வெள்ளைப் புடவை முழுக்கக் கரி. இனி வெள்ளை கட்டுவதில்லை. (இதையே ஏப்ரலிலும் எழுதியிருக்கிறேன்.)

இன்றைய வேலை:
குடிதண்ணீர்ப் பானைக்கு மூடி.
பெண்கள் ஓய்வறைக்குத் தாழ்ப்பாள். கேட்பது மூன்றாம் தடவை.
சாணைக் கொட்டகைக்குப் பாதுகாப்புக் கண்ணாடி.

மூடி வந்தது. தாழ்ப்பாள் வரவில்லை. கண்ணாடி விஷயத்தை எழுதித் தீர்க்காவிட்டால் இன்று சோறு இறங்காது.

சாணைக் கொட்டகையில் பதினோரு பேர். வார்த்து வருகிற இரும்புச் சாமானில் பிசிறு இருக்கும். அதைச் சுற்றுகிற கல்லில் வைத்துத் தேய்ப்பது வேலை. நாள் முழுக்க முகத்துக்கு நேரே தீப்பொறி. போன வருஷமே பம்பாயிலிருந்து பன்னிரண்டு கண்ணாடி வரவழைத்திருக்கிறார்கள். ஒருவர்கூடப் போடுவதில்லை. எங்கே என்று கேட்டேன். ஸ்டோரில், பெட்டியில். திறந்தால் பன்னிரண்டுக்கும் நடுவில் சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்து, வரிசையாக அடுக்கி, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, மறுபடி பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அப்புறம் இன்ஸ்பெக்டர் வருகிற அன்றைக்கு மட்டும் வெளியே வருமாம். உற்சவர் மாதிரி.

தொழிலாளர் நல அதிகாரி என்று எனக்குப் பெயர். ஜனவரியில் சேர்ந்தேன். காலேஜில் சமூக மனோதத்துவம் படித்தவள் என்பதற்காக எடுத்தார்கள். மானேஜர் அதை "அந்த என்னமோ தத்துவம்" என்பார். (மானேஜர் இனிமேல் மா. முழுதாக எழுதுகிற அளவுக்கு இன்று மரியாதை இல்லை.)

தலைவலி. அமிர்தாஞ்சனம் தீர்ந்துவிட்டது.

மே 5, செவ்வாய்

பழைய காலேஜ் நோட்டைத் தேடி எடுத்தேன். மூன்றாம் பாடம். ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பது பாதிக்குமேல் அவன் கையில் இல்லை, மற்றவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அவன் நினைத்துக்கொள்வதில் இருக்கிறது. பக்கத்தில் சிவப்பு மையில் என் கையெழுத்து: "பரீட்சைக்கு முக்கியம்." பரீட்சையில் வரவில்லை. இப்போது வந்திருக்கிறது.

பதினோரு பேரையும் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். கேட்டது கேட்டபடி:

"எனக்கு இன்னாம்மா, போட்டுக்கறேன். மத்தவன் சிரிப்பான்."

"ராவுல கண்ணு எரியத்தான் எரியுது. நான் மட்டும் போட்டா பயந்தாங்கொள்ளின்னு பேர் வெச்சுடுவானுங்கோ."

"அல்லாரும் போட்டா நானும் போடறேன்."

"பொட்டு வெச்ச சாமானாச்சேம்மா. மூக்குமேல வெக்கலாமா?"

காதர், வண்ணாரப்பேட்டைக்காரர், முன்னால் கப்பலில் வேலை பார்த்தவர், கொட்டகையின் வாய்: "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நம்ம பசங்கதான் பேஜாரு பண்ணிடுவானுங்கோ."

பேஜாரு பண்ணுகிற பசங்களில் முதல் ஆள் இவர்தான் என்று மற்றப் பத்துப் பேரும் சொன்னார்கள்.

கூட்டிப் பார்த்தால், பொட்டுக்காரர் ஒருவரைத் தவிர எல்லோருக்கும் போட இஷ்டம். எல்லோரும் மற்றப் பத்துப் பேருக்காகப் போடாமல் இருக்கிறார்கள். அந்த மற்றப் பத்துப் பேரையும் நான் பார்த்துவிட்டேன். அவர்களுக்கும் இஷ்டம். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மா.விடம் சொன்னேன். அவர் நோட்டீஸ் ஒட்டினார்: கண்ணாடி போடாமல் காயம் பட்டால் கம்பெனி பொறுப்பில்லை, ஆளும் வேலையில் இல்லை. நான் கேட்டது இதுவா?

மே 6, புதன்

ஒரு ஆள் கிடைத்துவிட்டான்!

ஏழுமலை. காலடிப்பேட்டையில் குடியிருப்பு. அதிகம் பேசாத ஆள். மத்தியானம் அவனாக வந்தான். "நான் போடறேன்மா. காத்திவாக்கத்துல எங்க அண்ணன் வலை வெச்சுகினு கீறான். ஞாயித்துக்கெழம நான்தான் கிழிசல் பாத்து முடி போடறேன். கண்ணு வோணும்மா. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறானுங்கோ."

என் கையாலேயே சந்தனத்தைத் துடைத்துக் கொடுத்தேன். முழுசாகப் போகவில்லை.

வீட்டில் அம்மா. நான் மூக்குக்கண்ணாடியோடு பால்காரருக்குக் கதவு திறந்துவிட்டேனாம். "ஏட்டி, அதக் கழட்டி வச்சிட்டு வெளிய வாயேன். பொண்ணு பாக்க வாரவுக காதுக்குப் போனா என்ன நினைப்பாவ?" பால்காரர் எந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்லப்போகிறார்? கேட்டதற்கு, "எனக்கு என்னட்டி, உங்க அத்தைதான் ஒரு மாதிரி பேசுவா." அத்தை இரண்டு தெரு தள்ளி. போன மாதம் அத்தையைக் கேட்டபோது, "எனக்கு என்ன, உங்கம்மைக்குத்தான் பிடிக்காது" என்றாள்.

எழும்பூரில் படித்த காலத்தில் கண்ணாடியோடுதான் இருந்தேன். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

மே 7, வியாழன்

ஏழுமலைக்கு இதுவரை வைத்த பெயர்கள்: ஏரோப்ளேன் டிரைவர். ஆந்தை. வெள்ளெழுத்து நைனா. காதர் அவனைப் பார்க்கும்போதெல்லாம் சல்யூட் அடிக்கிறார். கொட்டகையே குலுங்குகிறது. ஏழுமலை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் காதோரம் மட்டும் சிவந்திருந்ததாம், தண்ணீர் எடுத்துக் கொடுக்கும் அஞ்சலை சொன்னாள்.

எனக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதை இங்கேயாவது எழுதலாம்.

ஜனவரியில் முதல் நாள் கொட்டகைக்குள் போனபோது என் முகத்தில் மூக்குக்கண்ணாடி இருந்தது. கனமானது. எங்கிருந்தோ ஒரு குரல்: "டேய், சோடாபுட்டி!" பெரிய சிரிப்பு. வெளியே வந்ததும் கழற்றிப் பையில் போட்டேன். அதற்குப் பிறகு கொட்டகைக்குள் போட்டதே இல்லை. பத்தடிக்கு அப்பால் எனக்கு முகங்கள் கிடையாது, சட்டைகள்தான் உண்டு. சட்டையை வைத்துத்தான் ஆளைக் கூப்பிடுகிறேன். சம்பள நாளுக்கு மறுநாள் புதுச்சட்டையில் வந்தால் தொலைந்தேன்.

இந்த நான்தான் அவர்களுக்குச் சொல்கிறேன்: சிரித்தால் சிரிக்கட்டும், போடுங்கள்.

மே 8, வெள்ளி

இன்று சுருக்கமாக.

பதினொன்றரை மணி. கொட்டகைக்குள் இருந்தேன். ஏழுமலையின் கல்லிலிருந்து ஒரு சத்தம், பிறகு அலறல். இடது கண். ரத்தம். எல்லோரும் ஓடினார்கள். ஜட்கா வண்டி கிடைக்கவில்லை, லாரியில் ஏற்றினோம். நான் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் ஏழுமலை ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தான்: "போட்டுகினுதான் இருந்தேம்மா. போட்டுகினுதான் இருந்தேன்."

தெறித்த இரும்பு கண்ணாடியின் இடது சில்லை உடைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. டாக்டர் துணுக்கை எடுத்துவிட்டார். வேகம் குறைந்து பட்டதால் பார்வை தப்பலாமாம். வேகம் ஏன் குறைந்தது என்று எழுதித் தரச் சொன்னேன். "அதை எப்படிம்மா எழுத முடியும்? நான் அங்கே இல்லையே" என்றார்.

மே 9, சனி

மா. கூப்பிட்டார். மேஜைமேல் உடைந்த கண்ணாடி. கீழே விழுந்து கிடந்ததை யாரோ பொறுக்கி மறுபடி பெட்டியில் வைத்துவிட்டார்கள். (பெட்டியில் வைப்பதில்தான் நம்மவர்களுக்கு எத்தனை ஒழுங்கு!)

அவர் சொன்னது: இது எப்போது உடைந்தது என்று யாருக்குத் தெரியும்? பெட்டியிலேயே உடைந்திருக்கலாம். இத்தனை மாதமாகப் போடாதவர்கள் அன்று மட்டும் போட்டார்களா? நோட்டீஸை மீறினான், ஆளை எடுத்துவிடலாம். அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணை. பார்த்தவன் யாராவது இருந்தால் வரட்டும்.

கொட்டகையில் போய்க் கேட்டேன். பத்துப் பேர். பத்துப் பேரும் கல்லைப் பார்த்தார்கள். "நான் என் வேலையப் பாத்துகினு இருந்தேம்மா." இதே வாக்கியம் பத்துத் தடவை. மூன்று நாளாக அவன் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் பெயர் வைத்துக்கொண்டிருந்தவர்கள்!

மே 10, ஞாயிறு

காலை காலடிப்பேட்டை. ஏழுமலையின் மனைவி பாக்கியம் வாசலில் இறால் ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. கோபம். "நீ சொல்லித்தானே அத்தப் போட்டுகினாரு? அல்லாரும் மாரி சும்மா இருந்திருந்தா, அடிபட்டாலும் அல்லாரும் ஒண்ணா நின்னிருப்பானுங்கோ. இப்போ தனியா போச்சு பாரு."

நான் சொல்லித்தான் போட்டான். அது நிஜம். வேலை போனால் இந்த வயதில் மறுபடி கட்டுமரம்தான், அதற்கும் கண் வேண்டும் என்றாள். பிறகு மோர் கொடுத்தாள். குடிக்கும்போது அழுகை வந்துவிட்டது, எனக்கு. அவள் அழவில்லை.

அங்கிருந்து வீடு வீடாக. வெயில் மண்டையைப் பிளந்தது. செருப்பு வார் அறுந்தது. ஆறு வீடு முடிந்தது. அவரவர் வீட்டில் அவரவர் வேறு மனிதர்கள்:

"போட்டுகினுதாம்மா இருந்தான். என் கண்ணால பாத்தேன். ஆனா நான் ஒருத்தன் மட்டும் போய் சொன்னா, மானேஜரு என் பேர குறிச்சு வெச்சுகினு மெதுவா தூக்கிடுவாரு."

"மொதல்ல ஒருத்தன் சொல்லட்டும். ரெண்டாவது நான்."

"ரெண்டாவது நான்."

"அவன் சொன்னா நானும்."

ஆறு வீட்டில் ஆறு இரண்டாம் ஆள். முதல் ஆள் ஊரிலேயே இல்லை. நோட்டில் இதற்கு என்ன பெயர் என்று தேடினேன். பெயர் இருக்கிறது. வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மே 11, திங்கள்

இன்று காதர். ஃபாக்டரி வாசல் டீக்கடையில் பிடித்தேன். சாஸரில் ஊற்றி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் சொன்ன அதையே சொல்வார் என்று எரிச்சலோடு நின்றேன். அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

"நீ சொல்லேம்மா. நீ ஆபீசரு. உன்ன இன்னா பண்ணுவாரு? நீ அவனுக்கு எதுத்தாப்புலதான் நின்னுகினு இருந்தே. நீ பாக்கலியா?"

"யோசிக்கிறேன்" என்றேன். பார்த்ததைச் சொல்ல எதற்கு யோசனை என்று காதர் முகம் போன போக்கு, அது இரண்டடி தூரம் என்பதால், நன்றாகவே தெரிந்தது.

நான் என்ன பார்த்தேன்? நீலச் சட்டை. தீப்பொறி. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஏதோ. அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடி பையில். பை தோளில்.

மே 12, செவ்வாய்

மழை வரும்போல மூடிக்கொண்டு வந்து, வராமல் போனது. பஸ் நம்பர் தப்பாகப் பார்த்து ஏறி, தண்டையார்பேட்டையில் இறங்கி நடந்தேன்.

பொய் சொன்னால் என்ன? நடந்தது நிஜம். போட்டிருந்தான். ஆறு பேர் அவரவர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். "பார்த்தேன்" என்று ஒரு வார்த்தை. மா. என்னை மறுத்துப் பேச முடியாது. ஏழுமலைக்கு வேலை கிடைத்துவிடும். ஒருவருக்கும் நஷ்டம் இல்லை.

மா. கெட்டிக்காரர். கண்ணாடிப் பட்டை என்ன நிறம், கை எங்கே இருந்தது என்று கேட்பார். நான் உளறுவேன். உளறினால் நிஜமும் பொய்யாகிவிடும்.

இதுதான் காரணமா? இன்னொன்றும் உண்டு. "பார்க்கவில்லை" என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அதைச் சொல்ல வெட்கம். இருபத்தாறு வயதில், டிப்ளமாவோடு, யாரோ ஒருவன் கத்திய ஒரு வார்த்தைக்காக நாலரை மாதம் குருடியாக நடந்தேன் என்று சொல்ல வேண்டும். ஏழுமலையின் வேலையைவிட அது எனக்குப் பெரிதாக இருக்கிறது. இதை எழுதும்போதே என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மே 13, புதன்

மத்தியானம் நேராகக் கொட்டகைக்குப் போய்க் கத்தினேன். நல அதிகாரி கத்தக்கூடாது. கத்தினேன். "ஆறு வீட்டிலும் ஆறு பேரும் பார்த்தேன் என்றுதான் சொன்னீர்கள். மீதிப் பேரும் அதைத்தான் சொல்வீர்கள். எல்லோரும் இரண்டாம் ஆள் என்றால் முதல் ஆளை நான் எங்கே போய்ப் பிடிப்பேன், கடற்கரையிலா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். (தலைகள் திரும்பியது எனக்கும் தெரிந்தது.) தன் வீட்டில் சொன்னதையே அடுத்தவனும் அவன் வீட்டில் சொல்லியிருக்கிறான் என்று அவர்களுக்கு அப்போதுதான் தெரியும் போலிருக்கிறது.

காதர்: "கப்பல்ல நாங்க ஒண்ணு பண்ணுவோம்மா. கேப்டனுக்கு எதுனா எழுதணும்னா தட்ட கவுத்து வெச்சு சுத்தி கோடு இஸ்துடுவோம். கோட்டுமேல வெரல் வெப்போம். வட்டத்துல மொதல் ஏது, கடைசி ஏது?"

யாரோ சாப்பாட்டு அலுமினியத் தட்டைத் துடைத்துக் கவிழ்த்தார். நான் பெரிய தாளில் பென்சிலால் சுற்றி வரைந்தேன். நடுவில் எழுதினேன்: எட்டாம் தேதி பதினொன்றரை மணிக்கு ஏழுமலை கண்ணாடி போட்டிருந்ததைக் கண்ணால் பார்த்தோம். ஆபீசிலிருந்து ஸ்டாம்பு மை. மை தொட்டு ஆளாளுக்கு விரலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள், ஒருவரும் வைக்கவில்லை. வட்டத்திலும் யாராவது முதலில் வைக்க வேண்டுமே! அதையும் காதர் தீர்த்தார். பத்துப் பேரையும் தாளைச் சுற்றி நெருக்கி நிறுத்தி, நங்கூரம் இழுக்கிறவர் மாதிரி குரல் கொடுத்தார். "அல்லாரும்... ஒண்ணா... வெய்யி!"

பத்து விரல் ஒரே நேரத்தில். மேஜை ஆடியது. பொட்டுக்காரர் இரண்டு விரல் வைத்துவிட்டார், பதற்றத்தில். ஒன்றை அழித்தோம்.

ரேகைக்கு வெளியே பெயர்களை நான் எழுதினேன். எழுதி முடித்ததும் காதர் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். "நீ?"

"நான் வெள்ளிக்கிழமை நேரில் சொல்கிறேன்."

மே 15, வெள்ளி

நடந்தது நடந்தபடி.

மா. அறை. தலைமை குமாஸ்தா எழுதிக்கொண்டிருந்தார். கதவு திறந்திருந்தது. வராந்தாவில் பத்துப் பேரும், கட்டுப்போட்ட கண்ணோடு ஏழுமலையும். மா. தாளை வாங்கினார். இப்படித் திருப்பினார். அப்படித் திருப்பினார். தலையைச் சாய்த்தார். "இதுல யார் ஆரம்பிச்சது?" தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. மறுபடி திருப்பினார். குமாஸ்தா இருமலை அடக்கிக்கொண்டார்.

பிறகு தாளை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்களும் அங்கேதானே இருந்தீங்க. உங்க பேரைக் காணோமே?"

"நான் பார்க்கவில்லை."

"பத்தடியில நின்ன நீங்க பார்க்கலை. முப்பதடி தள்ளி நின்னவன் பார்த்தான். அப்படித்தானே?" சிரித்தார். "இது நீங்க தயார் பண்ணின கூட்டம், மிஸ்."

வராந்தாவில் யாரோ மூச்சு விட்டது கேட்டது. எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மேஜைமேல், உடைந்த கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது இல்லாமல் எனக்குப் பத்தடியில் முகம் தெரியாது. அன்று இது பையில் இருந்தது."

"ஏன்?"

"போட்டால் சிரிப்பார்கள் என்று."

மா. நாற்காலியில் சாய்ந்தார்.

"இந்த யோக்கியதையிலதான் அவங்களுக்கு புத்தி சொன்னீங்களா?"

"ஆமாம். நான் தயார் பண்ணின கூட்டமாக இருந்தால் என் பெயரையும் சேர்த்திருப்பேனே, சார். உங்கள் முன்னால் இப்படி அவமானப்பட்டு நிற்க வேண்டிய அவசியம் எனக்கு என்ன?"

மா. தாளை இன்னொரு தடவை திருப்பினார். பிறகு பத்துப் பேரையும் உள்ளே கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார். பத்துப் பேரும் சொன்னார்கள். இந்தத் தடவை யார் முதலில் சொன்னது என்று எனக்கே தெரியவில்லை, எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

ஏழுமலைக்கு வேலை உண்டு. கண் ஆறும்வரை ஸ்டோரில். எனக்கு ஒரு மெமோ: அதிகாரிக்குரிய கௌரவத்தைக் காக்கத் தவறியது பற்றி. தாழ்ப்பாள் இன்னும் வரவில்லை.

பாக்கியம் ஃபாக்டரி கேட் பக்கத்தில் நின்றிருந்தாள். வாழையிலையில் சுற்றி இறால் கொடுத்துவிட்டுப் போனாள். இறால் நாற்றத்துக்கு ரயில் பெட்டி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

மே 18, திங்கள்

காலையில் மேகம். கண்ணாடியோடு வாசலில் இறங்கினேன். அம்மா பின்னாலேயே வந்து, "ஸ்டேஷன் தாண்டிப் போட்டுக்கயேன்" என்றாள். ஸ்டேஷன் தாண்டினால் ரயில். போட்டுக்கொண்டே போனேன். தெருவில் ஒருவரும் பார்க்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பத்து மணிக்குச் சாணைக் கொட்டகை. இரண்டடி உள்ளே வைத்திருப்பேன்.

"டேய், சோடாபுட்டி!"

பெரிய சிரிப்பு. அதே குரல், அதே சிரிப்பு. கை தானாகக் கண்ணாடிக்குப் போனது. கழற்றவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். நாலரை மாதமாக மொத்தக் கொட்டகையும் என்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்திருந்தேன். எட்டுப் பேர் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். கத்தியதும் சிரித்ததும் ஒரே ஆள், காதர். முகத்தில் பம்பாய்க் கண்ணாடி. நடுவில் சந்தனம் இன்னும் போகவில்லை.